வீசைக் கணக்கு

ஐம்பத்தோராம் தெருவுக்கு ஒரு முதுகு உண்டு என்பதை
இந்த ஞாயிறுதான் பார்த்தோம்.
முன்பக்கம் வெற்றிலைக் கடை, தேநீர்க் கடை, காயும் லுங்கிகள்,
மாடிக்கு மாடி தொங்கும் கயிறுகள்.
பின்பக்கம்
இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஆறடிச் சந்து.
ஆறு மாடிகளும் ஜன்னல் வழியே விட்டெறிந்தது
முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது.

விடிவெள்ளி தொண்டு மன்றத்தில் பதினாலு பேர்.
கையுறை ஒன்பது ஜோடி.
(பொருளாளர் நான்தான், சொல்லிவிடுகிறேன்.)
தலைவர் திருவேங்கடம் உரை எழுதிக்கொண்டு வந்திருந்தார்.
வாயைத் திறந்தவர் உடனே மூடிக்கொண்டார்.
நாற்றம் அவருக்கு முன்பே
பேச ஆரம்பித்திருந்தது.

பாடம் எடுக்க வந்தவள் மா சான் யீ.
மூன்று சக்கர வண்டி, தராசு, கன்னத்தில் தனக்கா.
கட்டிய பையைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பாள்,
தேங்காய் வாங்குகிறவள் மாதிரி.
தகரம் என்பாள்.
பிரித்தால் தகரம்.

நடவடிக்கைக் குறிப்பு தமிழில்தான் இருக்கவேண்டும் என்பது
மன்றத்தின் விதி.
அவள் பர்மியத்தில் சொல்லச் சொல்ல
தவமணி எழுதினாள்:
பீர் டப்பாவுக்கு நல்ல விலை.
தெளிந்த பாட்டிலுக்கு விலை, மூடியைக் கழற்றினால் கூடுதல் விலை.
நனைந்த அட்டைக்குப் பாதி.
காபிப் பொட்டலத்துக்கு ஒன்றுமில்லை.
ஏன் என்று கேட்டோம்.
ஒன்றைக் கிழித்துக் காட்டினாள்:
உள்ளே வெள்ளி, நடுவே பிளாஸ்டிக், வெளியே படம்.
மூன்றும் ஒட்டிப்போன குடும்பம்,
எந்தக் கோர்ட்டாலும் பிரிக்க முடியாது என்றாள்.
தவமணி அதையும் எழுதிவிட்டாள்.

'பெய்த்தா' கணக்கில் நிறுத்தாள்.
அது நம்ம வீசைதான் என்றார் அருளப்பன்,
இந்தியாவில் எல்லாம் கிலோவாகிவிட்டது,
இங்கேதான் வீசை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று
குரல் கொஞ்சம் தழுதழுக்க.
அவள் அவர் விரலைத் தராசுத் தட்டிலிருந்து
எடுத்துவிட்டாள்.

மூன்றாம் அடுக்கில் ஒரு நீலப் பை.
இரண்டு சுற்று, ஒரு உள்வாங்கல், காதுபோல நீண்ட நுனி.
அது என் முடிச்சு.
நான் நாலாம் மாடி.
சுற்றுமுற்றும் பார்த்தேன்.
அடுத்தவர் பையைத் தூக்குவதுபோல்
முகத்தைச் சுளித்துக்கொண்டு
சாக்கில் போட்டேன்.

அதற்கும் கீழே,
சேற்றில் ஊறியும் நிறம் போகாமல்
போன வருடத்துத் தூய்மை வார பேனர்.
பத்தடி நீளம். பதினாலு பெயர்கள்.
நடுவே தலைவரின் கும்பிட்ட கைகள்.
யாரும் பேசவில்லை.
எடைக்குப் போகுமா என்று கடைசியில்
திருவேங்கடமே கேட்டார்.
மா சான் யீ ஓரத்தைக் கசக்கி, முகர்ந்து, உதறினாள்.
இதை யாரும் வாங்கமாட்டார்கள்.
எரித்தால் கண் போகும்.
புதைத்தால் உங்கள் பேரப்பிள்ளைகள் தோண்டும்போது
இப்படியே சிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

அப்போது மழை பிடித்தது.
வைகாசி மழை, சொல்லாமல் கொள்ளாமல்.
காய்ந்த அட்டை நனைந்தால் பாதி விலை அல்லவா,
அவள் பேனரைப் பிடுங்கி
வண்டிமேல் விரித்துக் கட்டினாள்.
எங்கள் பதினாலு பெயர்களும் தலைகீழாகத்
தெருமுனை திரும்பிப் போவதை
நனைந்தபடி பார்த்துக்கொண்டு நின்றோம்.

வரவு பதினோராயிரத்து இருநூறு கியாட்.
செலவு: கையுறை, சாக்கு, எல்லாருக்கும் தேநீர்.
கையிருப்பு இல்லை.
சந்தில் இன்னும் முக்கால் பங்கு கிடக்கிறது.

புதன்கிழமை அவள் குரல் கேட்டது.
பேப்பர்க்காரருக்கு இறக்கும் கயிற்றில்
ஒரு பையை மாட்டி
மூன்று ஜன்னல்களைத் தாண்டி இறக்கினேன்.
கயிற்று மணி ஒவ்வொரு மாடியிலும் என்னைக் காட்டிக்கொடுத்தது.
பாட்டில் ஏழு, கழுவிக் கவிழ்த்துக் காயவைத்தவை.
அவள் பையைத் திறந்தாள்,
எண்ணினாள்,
அண்ணாந்து பார்த்து
ஒன்றை உயர்த்திக் காட்டினாள்:
மூடி.